கேமரா பார்க்கட்டும், நாம் பரப்ப வேண்டாம்

(பொதுக்குழுக் கூட்டத்தில் செயலாளர் பேசியது)



போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சிசிடிவி காட்சி வந்தது. வீட்டு வேலைக்கு வரும் அம்மா ஒருவர் பையோடு வெளியே போகிறார். கீழே, ‘பையில் என்ன?’ என்று ஒரு கேள்வி. இருந்தது, மூன்றாவது மாடியில் கொடுத்த பழைய புடவைகள். மறுநாள் பதிவை நீக்கினோம். அந்த அம்மா அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை.

காட்சியை எடுத்து அனுப்பியது யார்? கேமராவின் பாஸ்வேர்டு கமிட்டியில் எல்லோருக்கும் தெரியும். அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. இதில் என் தவறும் உண்டு.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமை ஃபிளாட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல.

எனவே மூன்று யோசனைகள். பதிவுகளை இருவர் மட்டுமே திறக்கலாம். எப்போது, எதற்கு என்று நோட்டில் எழுத வேண்டும். போலீஸ் முறைப்படி கேட்டால் கொடுப்போம். குழுவில் போட மாட்டோம். பணியாளர்களிடம் முழு ஆதார் நகல் வேண்டாம். கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ போதும். வாட்ச்மேன் மேசையில் கிடக்கும் பழைய நகல்களை இந்த வாரமே கிழித்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை தலைவரும் நானும் அந்த அம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கப் போகிறோம். விருப்பமுள்ளவர்கள் உடன் வரலாம்.