மழலையின் முதல் கவளம்

 

சென்ற மாதம் ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத்! பிள்ளைக்கு நான்கு மாதம் ஆகிறது. கஞ்சி கொடுக்கலாம் என்கிறார் உம்மா. ஆறு மாதம் போகட்டும் என்கிறாள் என் மனைவி. மார்க்கம் என்ன சொல்கிறது?" என்று வினவினார். "நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்றேன். "அது பெண்கள் விஷயம் ஹஜ்ரத், நான் தலையிடவில்லை" என்றார். அந்தப் பதில்தான் இவ்வுரைக்குக் காரணம்.

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தை ஓதிப் பாருங்கள். பாலூட்டலை முழுமைப்படுத்த நாடுவோருக்கு இரண்டு ஆண்டுகள் என எல்லை வகுத்த இறைவன், அதற்கு முன்பே பால்குடியை நிறுத்துவதானால் தாயும் தந்தையும் மனமொத்து, கலந்தாலோசித்துச் செய்வதில் குற்றமில்லை என்கிறான். ஆட்சிக்கு 'ஷூரா' வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அதே வேரிலிருந்து பிறந்த 'தஷாவுர்' என்னும் சொல்லை இறைவன் ஒரு மழலையின் பாலுக்காகவும் பயன்படுத்தியிருப்பதை மறந்துவிடுகிறோம். பாலிலிருந்து உணவுக்குச் செல்லும் பாதையில் முதல் கவளம்தான் முதல் அடி. அதில் தந்தை ஒதுங்கி நிற்கலாகாது.

நான்கா, ஆறா என்ற மாதக் கணக்கை ஷரீஅத் வரையறுக்கவில்லை. எனினும், உணவு உண்ணத் தொடங்காத பருவத்தை நம் மார்க்கம் தனியாக அடையாளம் கண்டிருக்கிறது. உம்மு கைஸ் (ரலி) அவர்கள், இன்னும் உணவு உண்ணாத தம் ஆண்குழந்தையை அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தார்கள். குழந்தை அவர்களின் ஆடையில் சிறுநீர் கழித்தது. நபியவர்கள் தண்ணீர் தெளித்ததோடு விட்டுவிட்டார்கள். இதை ஆதாரமாகக் கொண்ட ஷாஃபிஈ மத்ஹப் அறிஞர்கள், பிறந்தவுடன் பேரீச்சம்பழத்தை மென்று தடவும் 'தஹ்னீக்' உணவூட்டலாகக் கருதப்படாது என்றும் தெளிவுபடுத்தினார்கள். ஆகவே, தஹ்னீக்கைக் காட்டிச் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் தொடர்ந்து புகட்டுவோருக்கு அதில் ஆதாரமில்லை. தேனில் நிவாரணம் உண்டு, மறுப்பவர் யார்? ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் பிஞ்சுக் குடலில் வளர்ந்து, நரம்பைத் தளர்த்தும் கொடிய நோயைத் தரும் என்கின்றனர் மருத்துவர்கள்.

மாதக் கணக்கை அறிந்தோரிடம் கேட்பதே முறை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்று 2001ஆம் ஆண்டு உலக சுகாதார சபை அறிவுறுத்தியது. முன்கூட்டியே கஞ்சி புகுந்தால் பால் குறையும், வயிற்றுப்போக்கும் வரக்கூடும். அதற்காகப் பல் முளைக்கட்டும், வயது ஒன்றாகட்டும் என்று தள்ளிப்போடுவதும் தவறே. ஆறு மாதத்திற்குப் பின் பாலிலுள்ள இரும்புச்சத்து போதாது. தலை நிமிர்ந்து, பிடித்தால் உட்கார்ந்து, ஊட்டியதை நாக்கால் வெளியே தள்ளாமல் விழுங்குகிறதா என்று பாருங்கள். நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமே தவிர வலுவூட்டாது. பருப்பும் சோறும், முட்டை, வாழைப்பழம் எனக் கெட்டியாக மசித்து ஊட்டுங்கள். பாலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில், பால்குடி மறந்த குழந்தைகளுக்கே பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்கப்பட்டது. ஒருநாள் இரவு, மதீனாவில் தங்கியிருந்த வணிகக் கூட்டத்தைக் காவல் காத்தபோது ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டார்கள். மூன்று முறை சென்று விசாரித்தார்கள். யாரிடம் பேசுகிறோம் என்று அறியாத அந்தத் தாய், உமர் பால் மறந்த பிள்ளைக்குத்தானே தொகை தருகிறார், அதனால் வலிந்து பாலை மறக்கடிக்கிறேன் என்றார். அன்றைய ஃபஜ்ரில் கலீஃபாவின் அழுகையால் அவர்கள் ஓதியது மக்களுக்கு விளங்கவில்லை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு, அவசரப்பட்டுப் பாலை நிறுத்தாதீர்கள் என்று அன்றே பிரகடனம் செய்தார்கள்.

நம் வீடுகளிலும் அவசரத்திற்குக் காரணங்கள் உண்டு. வேலைக்குத் திரும்ப வேண்டுமே என்ற கவலை ஒன்று. 2017 முதல் நம் நாட்டுச் சட்டம் 26 வாரச் சம்பளத்துடன் பேறுகால விடுப்பு தருகிறது. ஆனால் மூன்றாம் பிள்ளைக்கும், வீட்டு வேலைக்கும் பீடி சுற்றவும் செல்லும் சகோதரிகள் பலருக்கும் அது எட்டுவதில்லை. ரமளான் மற்றொரு காரணம். நோன்பு வைப்பதற்காக நான்காம் மாதமே கஞ்சி தொடங்கும் தாய்மார்களை அறிவேன். குழந்தைக்கு வேண்டி நோன்பை விட்டுப் பின்னர் களா செய்ய மார்க்கம் சலுகை தந்திருக்கிறதே! அதை மனைவியிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் கணவர்.

அந்த இளைஞரிடம், "இன்றிரவே உம்மாவையும் மனைவியையும் அமரவைத்துப் பேசுங்கள், நாளை மூவருமாக மருத்துவரிடம் செல்லுங்கள்" என்றேன். உம்மா கோபித்துக்கொள்வாரே என்று தயங்கினார். "முதல் கவளத்தை பிஸ்மில்லாஹ் சொல்லி ஊட்டப்போவது உம்மாதான் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.