‘சுயம்’ என்பது யார்?

 

முதல் உலகப் போரின் இறுதியாண்டில், 1918 சனவரி 8 அன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் அமைதிக்கான பதினான்கு கூறுகளை அறிவித்தார். பெல்ஜியம் விடுவிக்கப்படவேண்டும், போலந்து தனிநாடாகவேண்டும் என்பன அவற்றுட் சில. ‘சுயநிர்ணயம்’ என்னும் சொல் அக்கூறுகளில் இல்லை. அடுத்த மாதம் 11ஆம் நாள் ஆற்றிய உரையில்தான் வில்சன் அதனை எடுத்தாண்டார்.

அச்சொல் வருமுன்னரே அதன் பொருளைத் தாமிரபரணிக் கரை உணர்ந்திருந்தது. 1908 மார்ச்சு 13 அன்று, வ.உ.சி. சிறைப்படுத்தப்பட்டதைப் பொறாது நெல்லை மக்கள் பொங்கியெழுந்தனர். ஒன்பதாண்டுகள் கழித்து, மதுரையில் பிறந்த மற்றொரு தமிழர் அவ்வுணர்வைக் கடல் கடந்து எடுத்துரைத்தார். அவரே சென்னை உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி சர் சுப்பிரமணிய ஐயர். அன்னி பெசன்ட் அம்மையார் காவலில் வைக்கப்பட்டிருந்த வேளையில், 1917 சூன் 24 அன்று, அவர் வில்சனுக்கே மடல் தீட்டினார். மக்களாட்சிக்காகப் போர் புரிவதாகக் கூறுவோர் இந்தியாவுக்குத் தன்னாட்சி தர உறுதி கூறட்டும். மூன்றே மாதங்களில் ஐம்பது இலட்சம் வீரர் களம் புகுவர் என்பது அம்மடலின் சாரம். ஆங்கில அரசு சினந்தது. ஐயரோ 1918இல் தம் பட்டங்களைத் துறந்தார்.

பாரிசு அமைதி மாநாட்டில் நிகழ்ந்ததென்ன? காங்கிரசு தேர்ந்த பிரதிநிதிகளுக்கு அங்கே இடமில்லை. 1919 சூன் 28 அன்று இந்தியாவின் பெயரால் ஒப்பமிட்டவர்கள் ஆங்கில அமைச்சர் மாண்டேகுவும் பிகானீர் மகாராசாவும் ஆவர். தோற்ற பேரரசுகளின் நிலத்தில் புதிய நாடுகள் எழுந்தன. வென்ற பேரரசுகளின் குடியேற்றங்களோ அவ்வாறே நின்றன. நிர்ணயிப்பவர் வென்றவரேயானால், சுயநிர்ணயத்தில் சுயம் எங்கே?

இதனினும் கூரிய வினாவொன்று அதே சென்னையில் எழுந்தது. 1916 திசம்பரில் பிராமணரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. நீதிக்கட்சித் தலைவர் டாக்டர் டி.எம். நாயர், தன்னாட்சி வருமானால் அது எவர் கைக்கு வரும் என்று கேட்டார். ஆங்கிலேயர்க்குத் துணைபோகும் வாதமென அதனைத் தேசியவாதிகள் சாடினர். அக்குற்றச்சாட்டை எவ்வாறு எடைபோட்டாலும் வினா பொய்யன்று. போலந்தின் விடுதலை உடன்படிக்கையில் ஏற்கப்பட்ட அதே 1919 சூன் 28 அன்று, அந்நாட்டுச் சிறுபான்மையினரைக் காக்கத் தனி உடன்படிக்கையொன்றும் கையெழுத்தாகவில்லையா? சென்னைச் சட்டமன்றத்திலும் பின்னர் பிராமணரல்லாதார்க்கு 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன.

ஆக, ஐயர் வாயிலில் நின்று வீட்டைக் கேட்டார். நாயர் வீட்டிற்குள் யார்க்கு எந்த அறை என்று கேட்டார். இருவரும் எதிரெதிர் அணியினர். ஆயினும் இருவர் வினாவும் சேர்ந்தே சுயநிர்ணயம் முழுமையுறும்.

முதல் வினாவுக்கு 1947இல் விடை கிடைத்தது. 1960 திசம்பர் 14 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அவ்வுரிமையை எல்லா மக்களினத்தார்க்கும் உரியதென்று அறிவித்தது. இரண்டாம் வினாவோ எந்த மாநாட்டு மண்டபத்திலும் தீர்வதன்று. ஊர்ப் பொதுக்கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் பள்ளி வகுப்பறையிலும் ‘நாம்’ என்று சொல்லும்போது யாரைச் சேர்க்கிறோம், யாரை விடுக்கிறோம் என்பதிலேயே அதன் விடை உள்ளது. அண்டைவீட்டாரை விலக்கிவைத்துக்கொண்டு அயலாரிடம் உரிமை கேட்கும் குரலில் வலிவிராது.