பிள்ளையின் நோயை ஏன் மறைக்கிறீர்கள்?



தங்கவயல் லைன் வீடுகள் எப்படி இருக்கும்? சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். இந்த வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். ஸ்கெலட்டனில் அப்படி ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அம்மா, அப்பா, பாட்டி, 9 வயது மகள்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். பிறகு பலருக்கும் பிழைப்பு பெங்களூரில்தான். இந்த அப்பாவும் விடியுமுன் ரயில் ஏறுகிறார். இருட்டிய பிறகு வருகிறார். பிள்ளையின் பாடு முழுவதும் அம்மா தலையில்.

மகள் திடீரென்று இளைத்தாள். தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாள். ராத்திரி நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்தாள். டாக்டர் ரத்தம் சோதித்தார். சர்க்கரை நோய் என்றார். தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டும் என்றார்.

"கேட்டபோதெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தியே, அதான்!" என்றார் பாட்டி. அம்மா அழுதார்.

பாட்டி சொன்னது தவறு. மிட்டாயால் இது வரவில்லை. நம் வயிற்றில் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அதுதான் இன்சுலினைச் சுரக்கிறது. சில பிள்ளைகளுக்கு, இன்சுலின் சுரக்கும் அணுக்களை உடம்பே அழித்துவிடுகிறது. பெற்றவள் மேல் குற்றம் இல்லை. இது தொற்று நோயும் இல்லை.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட பிள்ளைகள் பிழைப்பது அரிது. 1922 ஜனவரியில் கனடா நாட்டின் டொரண்டோ நகரில், 14 வயதுப் பையனுக்கு முதலில் இன்சுலின் போட்டார்கள். அவன் தேறினான். இன்றும் ஊசிதான் உயிர். வேர், கஷாயம் என்று யாராவது சொன்னால் கேட்டு ஊசியை நிறுத்தாதீர்கள். சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து வரும்.

அம்மா ஊசி போடப் பழகிவிட்டார். ஃபிரிட்ஜ் இல்லாததால், மருந்துக் குப்பியை ஈரமான மண்பானையின் குளிர்ச்சியில் வைத்தார். ஆனால் ஊர் வாய்க்குத்தான் பயம்.

"பெண் பிள்ளை. வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள்?" என்றார் அப்பா. கதவைச் சாத்திக்கொண்டு ஊசி போட்டார்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று மகளிடமும் சொன்னார்கள். அந்தப் பிஞ்சு என்ன நினைக்கும்? ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்றுதானே நினைக்கும்!

ஒரு நாள் ஊசி போட்ட பிறகு மகள் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளியில் ஓடி விளையாடினாள். வியர்த்தது. கை நடுங்கியது. பேச்சு குழறியது. ரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தால் போதும். டீச்சருக்கு அது தெரியாதே! வெயில் மயக்கம் என்று படுக்க வைத்தார். பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து சொன்னான். அம்மா ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். நல்லவேளை, பிள்ளைக்கு நினைவு தப்பவில்லை.

அன்று இரவு அம்மா சொன்னார்: "கல்யாணம் பத்து வருஷம் கழித்து. பிள்ளை எனக்கு இன்றைக்கு வேண்டும்."

அப்பா வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் ரயில் ஏறவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனார். எழுதப் படிக்க இப்போதுதான் கற்றிருந்த அம்மா, டீச்சருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினார். அதே போல் ஒன்றைப் பக்கத்து வீட்டிலும் கொடுத்தார்:

"என் மகளுக்குச் சர்க்கரை நோய். தினமும் ஊசி போடுகிறோம். வியர்த்து நடுங்கினால் உடனே சர்க்கரை கொடுங்கள். அவள் பையிலேயே இருக்கிறது. நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்."