சுருட்டி வைத்த பாய்



2011-ல் நான் இறுதியாண்டு மாணவன். விடுதி அறையில் நாலு பேருக்கு ஒரே கம்ப்யூட்டர். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, ராம் 1 ஜிபி. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுப்பதற்கு முந்தின ராத்திரி அது அப்படியே நின்னு போச்சு. ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிகிறது. பொறுமை இழந்து ஸ்விட்சை அணைத்தேன். நாற்பது பக்கம் போயே போச்சு. "சேவ் பண்ணலியாடா?" என்று நண்பன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அன்று நடந்தது என்ன? ராம் நிரம்பினால், அப்போதைக்குத் தேவையில்லாத தகவலை 4 கேபி பக்கங்களாக டிஸ்கில் உள்ள சுவாப் பகுதிக்கு அனுப்பி, வேண்டும்போது திரும்பக் கொண்டுவர வேண்டும். ராமிலிருந்து எடுக்கச் சுமார் 100 நானோ வினாடி. ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்கச் சுமார் 10 மில்லி வினாடி. லட்சம் மடங்கு! போவதும் வருவதுமே வேலையாகிவிட்டால் மெஷின் என்ன செய்யும், பாவம்!

விடுதி அறைக்கு விருந்தாளி வந்தால் பாயை ஊருக்கு வெளியே கிடங்கிலா கொண்டுபோய் வைத்தோம்? சுருட்டி, அதே அறையின் மூலையில் நிறுத்தினோம். லினக்ஸில் 'இசட்ராம்' செய்வதும் இதுதான். ராமின் ஒரு பகுதியையே சுவாப் ஆக்கி, பக்கங்களைச் சுருக்கி அங்கேயே வைக்கிறது. நிதின் குப்தா 'காம்ப்கேஷ்' என்ற பெயரில் தொடங்கிய இந்த வேலை, 2014-ல் கெர்னல் 3.14-ல் முறையாக இடம்பெற்றது. பெரும்பாலும் பாதிக்குப் பாதி சுருங்கும். முன்கூட்டியே இடத்தைப் பிடித்து வைப்பதில்லை. பக்கங்கள் வர வர எடுத்துக்கொள்ளும்.

இது மந்திரம் இல்லை. சுருக்கவும் விரிக்கவும் ப்ராசஸர் உழைக்க வேண்டும். ஏற்கெனவே சுருக்கிய படங்கள், வீடியோக்கள் மேலும் சுருங்காது. காசு இருந்தால் ராம் வாங்கிப் போடுவதே மேல்.

காசு இல்லாதபோது? இன்று காலை நம் ஆய்வகத்தில் 2 ஜிபி மெஷின்கள் மூலையில் கிடந்தன. "காயலான் கடைக்குப் போகுதுண்ணா" என்றார் ஒரு தம்பி. ஒன்றைத் தூசி தட்டி, 1 ஜிபி இசட்ராம் போட்டு, அதற்கே முன்னுரிமை கொடுத்தோம். பழைய டிஸ்க் சுவாப் துணைக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பிரௌசர், எடிட்டர், கம்பைலர் மூன்றும் சேர்ந்து ஓடின. விளக்கு அடங்கியே இருந்தது.

முதல்வர் அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: அந்த மெஷின்களை ஒரு பருவம் நிறுத்தி வையுங்கள். சொந்தமாகக் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைகளுக்கு அவை உதவும். தம்பி தங்கைகளே, ஆளுக்கு ஒன்றாகச் சரிசெய்யுங்கள். அப்புறம், மறக்காமல் சேவ் பண்ணுங்கள்!