வெள்ளைச் சேலைக்கு முந்திய சுந்தராம்பாள்



கே.பி. சுந்தராம்பாள் என்றதும் நம் கண்முன் வருவது ஒரு பாட்டி. நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம், வெள்ளைச் சேலை, கையில் கோல். 1953இல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படம் நம் மனதில் பதித்த உருவம் அது. எனக்கு இன்றைக்கு வேறொரு சுந்தராம்பாளைப் பற்றிப் பேச வேண்டும். இருபத்தைந்து வயதில் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று முடிவுகட்டிய கொடுமுடிப் பெண். நம் கொங்குப் பக்கத்தில் 'அம்மிணி' என்று செல்லமாகக் கூப்பிடும் வயசு.

ஈரோட்டிலிருந்து கரூர் போகும் ரயில் பாதையில், காவிரிக் கரையில் இருக்கிறது கொடுமுடி. 1908இல் அங்கே பிறந்தவர். பெயருக்கு முன்னால் வரும் 'பி' தாயார் பாலாம்பாளுடையது. அப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தத் தாய் பட்ட பாடு சொல்லி மாளாது. பசிக்கொடுமையில் பிள்ளைகளோடு காவிரியில் விழப் போய், மனசு வராமல் திரும்பினார் என்று சுந்தராம்பாளின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். சிறுமி ரயிலில் பாடிக் காசு வாங்கினாள். அந்தக் குரல்தான் அவளை நாடகக் கம்பெனிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அங்கே முதலில் கிடைத்த வேஷம் எது தெரியுமா? நல்லதங்காளின் மூத்த பிள்ளை. பஞ்சத்துக்குப் பயந்து அண்ணன் வீடு தேடி வந்து, அண்ணி மூளியலங்காரியின் வாசலில் அவமானப்பட்டு, பெற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்ட தாயின் கதை. அதில் பசியால் அழுது பாடும் பையன். ஆற்றங்கரை வரைக்கும் போய்த் திரும்பிய குழந்தைக்கு அந்தப் பாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. கூட்டம் உருகிப்போனது. பாட்டு சோறு போட்டது. கடல் தாண்டி இலங்கைக்கும் அழைத்துப்போனது.

1926இல் கொழும்பில் நாடக நடிகர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து மேடை ஏறினார். கிட்டப்பா 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வேலனாக வந்தால் ஒரு ஊரே திரளும். உச்சஸ்தாயியில் அவர் நிற்கிற இடத்துக்கு ஈடுகொடுத்து ஏறிப்போகிற குரல் அந்நாளில் சுந்தராம்பாள் ஒருவருக்குத்தான் இருந்தது. காதல் வந்தது. 1927இல் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு என்பதைத் தெரிந்தேதான் சம்மதித்தார். ஊர் ஊராக அலைந்து பாடும் பெண்ணுக்கு, இனி நமக்கென்று ஒரு வீடு, ஒரு ஆள் என்று தோன்றியிருக்கும். அதில் என்ன தப்பு?

வீடு நிலைக்கவில்லை. சந்தேகம் வந்தது, கோள் சொல்பவர்கள் வந்தார்கள், கிட்டப்பாவைக் குடி பிடித்தது. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. பிரிந்திருந்த நாட்களில் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. சுந்தராம்பாளுடைய கடிதங்களில் கோபம் இருக்கிறது, ஏக்கம் இருக்கிறது, தன்மானமும் இருக்கிறது. தெய்வப் பாட்டி எழுதிய கடிதங்களாக அவை எனக்குப் படவில்லை. புருஷன் ஏன் வரவில்லை என்று கேட்கிற, ஆயிரம் பேர் கைதட்டியும் ஒருவருடைய ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிற இளம்பெண்ணின் எழுத்து.

1933 டிசம்பர் 2. கிட்டப்பா இறந்தார். வயது இருபத்தேழு.

அன்றிலிருந்து சுந்தராம்பாள் வெள்ளை உடுத்தினார். நகைகளைக் கழற்றினார். எந்த ஆணோடும் இனி ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்து, கடைசி வரைக்கும் காப்பாற்றினார். இதைப் பக்தி என்றும் பத்தினித்தனம் என்றும் ஊர் கொண்டாடியது. இன்றும் கொண்டாடுகிறது. எனக்கு அந்தக் கொண்டாட்டத்தில் சேர முடியவில்லை. அந்தக் காலத்தில் நாடகக்காரி என்றால் ஊர்ப் பெரிய மனிதர்கள் என்ன நினைப்பில் வாசலுக்கு வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இருபத்தைந்து வயது, ஊரறிந்த குரல், கையில் காசு, பக்கத்தில் கணவன் இல்லை. அந்த வெள்ளைச் சேலை துக்கம் மட்டும் என்று நான் நம்பவில்லை. தோட்டத்தைச் சுற்றிப் போடுகிற முள்வேலி மாதிரி அது அவரைக் காத்தது. உள்ளே யாரும் வர முடியாது. உள்ளே இருப்பவரும் வெளியே போக முடியாது.

அதற்குப் பிறகு அவர் நடித்த படங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். 1935இல் 'நந்தனார்': ஆண் வேஷம். அதற்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம். அந்நாளில் கேள்விப்படாத தொகை. வேண்டாம் என்று தட்டிக்கழிக்கத்தான் அவ்வளவு கேட்டாராம், படம் எடுத்தவர்கள் கொடுத்துவிட்டார்கள். 1940இல் 'மணிமேகலை': காதலிக்க வந்த இளவரசனை விலக்கித் துறவு பூண்டவள். பிறகு ஔவை: கல்யாணப் பேச்சு வந்ததும், இந்த இளமை எனக்கு வேண்டாம் என்று பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கியவள் என்பது கதை. 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், சமணத் துறவி. 1973இல் காரைக்கால் அம்மையார்: அழகை உதறிப் பேயுரு வேண்டியவர். அந்தப் படத்தில் இளமைக் காலத்தை நடித்தவர் லட்சுமி. இளமை போன பிறகுதான் சுந்தராம்பாள் வருவார்.

நம் பழங்கதைகளில் தன் வாழ்க்கையிலிருந்து தப்பிக்க நினைத்த பெண்ணுக்கு வேறு கதவே இல்லை. கிழவியாகலாம், துறவியாகலாம், பேயாகலாம். இளம்பெண்ணாகவே இருந்துகொண்டு, எனக்கு இது வேண்டாம், வேறு ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்துபோக வழி வைக்கவில்லை. அந்தக் கதவுகள் ஒவ்வொன்றையும் திறந்து காட்டும் வேலை கொடுமுடிக்காரரின் பங்காக வந்தது. அவரும் அதைத் தன் உயிரைக் கொடுத்துப் பாடினார்.

மேலவை உறுப்பினர் பதவியும் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன. 1980இல் மறைந்தார். புகழுக்குக் குறையே இல்லை. ஆனால் 1933க்கு முன்னால் இருந்த சுந்தராம்பாளுக்கு நாம் எதுவும் செய்யவில்லை. இன்றும் கோவையிலும் திருப்பூரிலும் மில் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும், காதல் முறிந்து, வீட்டுக்கும் போக முடியாமல், எங்கேயாவது போய்விட்டால் தேவலை என்று படுத்திருக்கும் பெண்களுக்கு அந்த ஔவையால் என்ன சொல்ல முடியும்? ஆத்திச்சூடி சொல்வாள். கடிதம் எழுதிய சுந்தராம்பாளுக்கு அவர்களிடம் பேச நிறைய இருக்கிறது. அந்தக் கடிதங்களைத் தேடிப் படியுங்கள். வீட்டில் வளர்ந்த பெண் பிள்ளை இருந்தால், படித்த பிறகு அவள் கையிலும் கொடுங்கள்.