துணிமேற் கைவேலையும் அதன் ஊதியமும்
(அனுப்பம்பட்டில் நிகழ்ந்த நம் சங்கக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



நம் இல்லங்களிற் பெண்மக்கள் சிலர் ஊசியும் நூலுங்கொண்டு, துணியின்மேல் மேடும் பள்ளமும் மடிப்பும் முடிச்சுமாகப் புதுவகை வேலைகள் செய்து வருகின்றனர். அதனைப் பொழுதுபோக்கென்பாரும், அதனாற் சோறு கிடைக்குமோ என்று வினவுவாரும் நம்மிடையே உளர். அவ்வினாவிற்கு விடை கூறுதலே இன்று யான் மேற்கொண்ட பொருள்.

இவ்வூருக்கு அணித்தேயுள்ள பழவேற்காட்டை நினைவு கூர்க. 1613-இல் ஒல்லாந்தர் ஆங்குக் கெல்திரியாக் கோட்டையை எழுப்பியது துணி வாணிகங் கருதியேயாம். இக்கரைத் துணியைக் கொடுத்துக் கீழ்த்திசைத் தீவுகளில் நறுமணப் பண்டங்களைக் கொண்டனர். மலாய் மக்கள் கட்டமிட்ட கைலியை இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்பது பழவேற்காட்டின் பெயராலேயே. துறையின் பெயர் கடல்கடந்து நிலைத்தது. நெய்தவன் பெயரோ துணியோடு செல்லவில்லை. பெயரற்றவன் விலை பேச வல்லனோ?

மேற்பரப்பு வேலைக்கு நம் நாட்டில் முறைகள் பல. மதுரைச் சுங்குடியார் துணியைச் சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பர். அவிழ்த்தவிடத்துப் புள்ளியோடு சுருக்கமும் தோன்றும். நீலகிரித் தோடர் படம் வரையாது இழையெண்ணித் தைப்பர். அத்தையல் துணிக்குமேல் எழுந்து நிற்கும். காளத்திக் கலம்காரியார் கடுக்காயிலும் பாலிலும் துணியை நனைப்பர். பாலின் கொழுப்பு மை பரவாமற் காக்கும். இவற்றைக் கற்றபின் புதுமை செய்வார்க்கே கை நிலைபெறும்.

இனி ஊதியத்தைக் காண்போம். 1966-இல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் அவர்தம் மாணாக்கரும் ஈஞ்சம்பாக்கத்திற் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை நிறுவினர். ஓவியம் வாங்குவார் அரியராயிருந்த காலம் அது. மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிகளைச் செய்து விற்று, அவ்வருவாயால் நிலம் வாங்கினர், ஓவியத்தையும் வளர்த்தனர். தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள், மறைந்துவந்த தையலை மூதாட்டியரிடங் கற்றுப் ‘போர்கை’ என்னுங் கூட்டமைப்பின் வாயிலாக விற்கின்றனர். தனித்த கை தரகனுக்கு அஞ்சும். கூடிய கைகள் விலை சொல்லும்.

ஆதலின் இளம் பெண்காள்! வேலை வகைதோறும் ஒரு சாண் மாதிரி செய்து, நூல், சாயம், சென்ற நேரம் ஆகியவற்றைக் குறித்து ஏடாகக் கோத்து வைம்மின். துணி வணிகரையும், உடை வடிவமைப்பாளரையும், கண்காட்சி நடத்துவோரையும் அவ்வேட்டோடு சென்று காண்மின். நூலின் விலையை மட்டுமன்றி உழைத்த நேரத்தையும் கணக்கிட்டு விலை கூறுமின். துணியின் ஓரத்தில் உங்கள் பெயரைத் தைத்து அனுப்புமின்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். அடுப்பு வேலை ஒழிந்த அரைமணியில் எத்தொழிலும் வளராது. ஆண்மகன் வலையெடுத்துச் செல்லும் நேரத்தைத் தொழில் நேரமென மதிக்கின்றோம். பெண் ஊசியெடுக்கும் நேரத்தையும் அங்ஙனமே மதித்தல் நம் கடன். அம்மதிப்பு நம் வீட்டில் தோன்றினாலன்றிச் சந்தையில் தோன்றாது.