பால்வெளிக்கு முன் ஒரு துடிப்பு



பிரபஞ்சம் தொடக்கத்தில் எள்ளளவும் வேறுபாடில்லாமல் ஒரே சீராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எல்லாப் பக்கமும் சமமாக இழுத்தால் ஈர்ப்பு விசையால் எதையும் ஓரிடத்தில் திரட்ட முடியாது. சூரியன் இல்லை, பூமி இல்லை, நாமும் இல்லை. எங்கோ ஒரு சிறு ஏற்றத்தாழ்வு இருந்தாக வேண்டும். அது எங்கிருந்து வந்தது?

பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் புறப்பட்ட ஒளி, இன்று நுண்ணலைகளாக எல்லாத் திசையிலிருந்தும் நம்மை வந்தடைகிறது. அதன் வெப்பநிலையில் சின்னஞ்சிறு வேறுபாடுகள் இருப்பதை 1992இல் கோபி செயற்கைக்கோள் காட்டியது. லட்சத்தில் ஒரு பங்கு! நூறு மீட்டர் ஆழமுள்ள ஏரியில் ஒரு மில்லிமீட்டர் அலை எழுந்ததுபோல. அந்தச் சிற்றலையில்தான் விண்மீன் திரள்கள் அத்தனையும் கருக்கொண்டன.

கோபியின் கண்டுபிடிப்புக்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, 1981இல், மாஸ்கோவில் முக்கானவ், சிபிசோவ் என்ற இரு இயற்பியலாளர்கள் அந்தச் சிற்றலையின் ஊற்றுக்கண்ணைக் கணக்கிட்டிருந்தார்கள். குவாண்டம் இயற்பியலின்படி வெற்றிடம்கூடச் சும்மா இருப்பதில்லை. அங்கே ஓயாத துடிப்புகள் எழுந்து அடங்கிக்கொண்டே இருக்கும். ஆனால், பிரபஞ்சம் பிறந்த கணத்தில் இமைப்பொழுதினும் குறைந்த நேரத்தில் மிகப் பெரிதாக வீங்கியிருந்தால்? அணுவினும் சிறிய அந்தத் துடிப்புகள், அடங்க நேரமில்லாமல் வெளியோடு சேர்ந்து இழுபட்டு, அப்படியே நிலைத்துவிடும். பின்னர் அவையே பொருள் சற்று அடர்ந்த இடங்களாகவும் சற்று அருகிய இடங்களாகவும் மாறும். அடர்ந்த இடத்தை ஈர்ப்பு விசை மேலும் அடர்த்தியாக்கும்.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. இந்த வேறுபாடுகள் சிறிய பரப்பிலும் பெரிய பரப்பிலும் ஏறத்தாழ ஒரே வலிமையோடு இருக்கும், பெரிய பரப்பில் மட்டும் ஒரு பொட்டு கூடுதலாக இருக்கும் என்றது அவர்கள் கணக்கு. முற்றிலும் சமம் என்றால் அதைக் குறிக்கும் எண் 1. கணக்கின்படி அது ஒன்றுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். 2009இல் ஏவப்பட்ட பிளாங்க் செயற்கைக்கோள் அளந்து சொன்ன எண் 0.965!

வீக்கம் நடந்தது என்பதற்கு இன்னொரு வலுவான சான்றும் தேவை. அப்போது எழுந்திருக்கக்கூடிய ஈர்ப்பு அலைகளின் தடயத்தைத் தென்துருவத்திலும் சிலியின் அட்டகாமா பாலைவனத்திலும் உள்ள தொலைநோக்கிகள் தேடிவருகின்றன. இதுவரை சிக்கவில்லை. சிக்கினால், அணுவினும் சிறியதை ஆராயும் அறிவியலும் அண்டத்தை ஆராயும் அறிவியலும் சந்திக்கும் இடத்தை நாம் இன்னும் உறுதியாகக் காட்ட முடியும். அந்தத் தேடல் வெல்லட்டும்.